தனிவழிப் பயணமும் கட்டுச்சோறும்

சென்ற தவக்காலத்தின் மூன்றாம் வாரம், வியாழக்கிழமை. காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு பங்கு இல்லத்தின் படியேறிய நம்மை ஒரு தாய் வழிமறித்தார். கணவரை இழந்து இரண்டாண்டுகள் ஆனவர். கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். முகத்தில் இரவெல்லாம் உறங்காத சாயல்.

"சாமி, எம் மகன் போக்கு எனக்குப் பயமா இருக்கு. நீங்கதான் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

மகனுக்கு வயது இருபத்தாறு. பொறியியல் படித்து, வெளியூரில் ஒரு நிறுவனத்தில் நான்காண்டுகள் வேலை பார்த்தவர். அந்நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது வேலை போயிற்று. ஊர் திரும்பியவர் வீட்டில் எவரோடும் பேசுவதில்லை. வாரத்தில் நான்கு நாள் விடியுமுன் எழுந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறி, பொழுது சாய்ந்தபின் திரும்புகிறார். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுகிறார். எங்கே போகிறார் என்பதே தாய்க்குத் தெரியவில்லை. பால்காரர் ஒருவர்தாம் சித்தன்னவாசல் மலையின்மேல் அவர் தனியே நிற்பதைக் கண்டதாகச் சொன்னாராம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார் அத்தாய். உள்ளே பத்திரிகைத் துணுக்குகள். பனிவெளியில் தன்னந்தனியாய் நடந்து செல்வோரின் படங்கள். "மலை உச்சியில போய்த் தனியா நிக்கிறான் சாமி" என்றவர் அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது என்னவென்று நமக்கும் விளங்கிற்று. வாசகப் பெற்றோருக்கும் விளங்கும்.

அன்று மாலையே அவ்விளைஞரை அழைத்தோம். இங்கே நமது பிழையொன்றை மறைக்காமல் எழுத வேண்டும். மனிதன் தனிமையாய் இருப்பது நன்றன்று எனத் தொடக்கநூல் கூறுவதில் ஆரம்பித்து, தாயின் கண்ணீர், குடும்பத்தின் கடமை, தனித்திருப்போனைச் சோதிக்கும் அலகை என்று ஏறத்தாழ இருபது நிமிடம் பேசிவிட்டோம். குருமடத்தில் கற்ற மறையுரைக் கலையெல்லாம் அந்த ஒற்றைச் செவியாளருக்குச் செலவாயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டார். முடிவில் ஒரே ஒரு வினாவைத்தான் கேட்டார்:

"சாமி, நீங்க ஏழடிப்பட்டத்துக்குத் தனியாப் போயிருக்கீங்களா?"

நாம் போனதில்லை. மறைக்கல்விச் சிறுவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சித்தன்னவாசலுக்கு மூன்று முறை சென்றதுண்டு. ஓவியம் பார்த்தோம், பூங்காவில் உணவு உண்டோம், ஏழடிப்பட்டத்தையும் நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கிடையே ஒரு பார்வை பார்த்துத் திரும்பினோம். தனியாக? இல்லை. தாம் பார்த்தறியாத ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் பேசிய குரு என்ன விடை சொல்ல முடியும்? "வருகிற செவ்வாய்க்கிழமை போய் வருகிறேன், வந்து பேசுவோம்" என்றோம். இக்கட்டுரையை அவர் படித்துப் பார்த்து இசைவு தந்த பின்னரே அச்சுக்கு அனுப்பினோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஏழடிப் பாதை

சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் செல்லும் வழியில் உள்ளது. மலை என்கிறோமே தவிர, உயரம் ஏறத்தாழ 200 அடிதான். தெற்கு வடக்காய்ப் படுத்திருக்கும் வெற்றுப் பாறை முதுகு. பழனிமலையும் பச்சைமலையும் கண்டவர்கள் இதை ஒரு மேடு என்று கூடச் சொல்லிவிடுவார்கள். ஆயினும் நிழலற்ற அப்பாறையில் பங்குனி மாதத்து வெயிலில் ஏறிப் பார்ப்பவர்க்கு உயரம் அடியில் இல்லை, வெம்மையில் இருக்கிறது என்பது தெரியும்.

முதற் பேருந்தில் சென்று இறங்கினோம். ஐம்பதைக் கடந்த முழங்கால், கையில் ஒரு தண்ணீர்ப் புட்டி, பையில் செபமாலை. மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலை, அதாவது தாமரைக் குளத்து ஓவியமுள்ள குடைவரையை, வேண்டுமென்றே பார்க்காமல் கடந்தோம். அக்குளத்தில் நீந்தும் மீன்களையும், ஆனைகளையும், பூப்பறிக்கும் ஆடவரையும் பற்றி எழுதாத பத்திரிகையில்லை. மதுரை ஆசிரியரான இளங்கௌதமன் என்பவர் ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அக்கோயிலைப் புதுப்பித்தார் என்பதற்கு அங்கேயே கல்வெட்டு உண்டு. அன்று நாம் தேடி வந்தது அதுவன்று.

மேற்கிலிருந்து பாறையின்மேல் ஏறி, முகட்டைக் கடந்து, கிழக்குப் பக்கமாகச் சற்று இறங்க வேண்டும். அங்கே பாறையின் பக்கவாட்டில் ஒரு குறுகிய தடம். ஒருபுறம் பாறைச்சுவர், மறுபுறம் பள்ளம். இப்போது இரும்புக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். பாறையில் கால் வைப்பதற்கென்று சதுரமாய் வெட்டிய ஏழு குழிகள் உள்ளன. அவற்றால் வந்த பெயரே ஏழடிப்பட்டம். கைப்பிடி இல்லாத காலத்தில் அந்த ஏழு அடிகளை ஒருவர் எவ்வாறு வைத்திருப்பார் என்று எண்ணியபோது, கைப்பிடியைப் பற்றியிருந்த நமது கை தானே இறுகிற்று. ஐந்தாம் அடியில் முழங்கால் ஒத்துழைக்க மறுத்தது. திரும்பவும் முடியவில்லை, மேலே செல்லவும் துணிவில்லை. அந்த இரண்டு நிமிடங்களில் நாம் சொன்ன மங்கள வார்த்தை செபம், பல ஆண்டுகளாய்ப் பழக்கத்தினால் சொல்லிவந்த ஆயிரக்கணக்கானவற்றைவிட மெய்யானது என்று நினைக்கிறோம்.

தடத்தின் முடிவில் கிழக்கு நோக்கிய ஒரு இயற்கைக் குகைத் தாழ்வாரம். நிமிர்ந்து நிற்க எல்லா இடத்திலும் இயலாது. தரையில் 17 கற்படுக்கைகள். ஒவ்வொன்றிலும் தலைவைக்கச் சற்றே உயர்த்திச் செதுக்கிய கல் தலையணை. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னும் பின்னுமாகச் சமண முனிவர்கள் கிடந்து தவம் செய்த இடம். படுத்தும் அமர்ந்தும் தேய்ந்த கல், கண்ணாடிபோல் வழவழப்பாய் இருக்கிறது. கிழக்கே வானம் வெளுத்து, கதிரவன் எழுந்து, நேரே அந்தப் படுக்கைகளின்மேல் விழுந்தான். கீழே வறண்ட சமவெளி, ஆங்காங்கே பனைகள், ஒரு கண்மாயின் மினுக்கம். ஆட்டு மணியோசையைத் தவிர வேறோசை இல்லை. அந்த இளைஞர் ஏன் அங்கே வருகிறார் என்பது நமக்குப் பாதி விளங்கிவிட்டது.

இதற்கிடையே பாறையில் தம் பெயரையும் தம் காதலியின் பெயரையும் கீறி வைத்துள்ள அன்பர்களைப் பற்றி ஒரு சொல். பழைய துறவிகளின் பெயர்களும் அங்கே பாறையில் உள்ளன: திருநீலன், ஸ்ரீபூரணச்சந்திரன், திருச்சாத்தன் என்றெல்லாம் பிற்கால எழுத்தில் படுக்கைகளின் அருகே பொறித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துச் சென்றார்கள். இவர்களோ எதையும் விடாமல் வந்து பெயரை எழுதிச் செல்கிறார்கள். நமது பங்கு இளைஞர் எவருடைய பெயரும் அங்கே இல்லாதிருக்கக் கடவது.

கல்லைச் செதுக்கியவர்

அப்படுக்கைகளுள் மிகப் பழையதன் பக்கத்தில் ஒரு தமிழிக் கல்வெட்டு உள்ளது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பர். காலஞ்சென்ற கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் முதலானோர் அதைப் படித்துப் பொருள் கண்டுள்ளனர். எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த காவுதி ஈதன் என்பவருக்குச் சிறுபாவில் ஊர் இளையர் செய்து கொடுத்த இருக்கை இது. இவ்வளவே அதன் செய்தி.

எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பது அறிஞர் துணிபு. அங்கிருந்து இவ்விடம் வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். காட்டையும் மலையையும் காவிரியையும் கடந்து, மொழி வேறுபட்ட நிலத்திற்கு, உடைமை என்று ஏதுமின்றி ஒருவர் நடந்து வந்திருக்கிறார். எவ்வளவு பெரிய தனிவழிப் பயணம்! ஆனால் அந்தக் கல்வெட்டு அவரது நடையைப் புகழவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவர் எத்தனை நாள் நடந்தார், எத்தனை நாள் நோன்பிருந்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. அவருக்கு இன்னார் படுக்கை செய்து கொடுத்தார் என்பதைத்தான் கல்லில் வெட்டினார்கள்.

நாம் அந்தப் பாறை விளிம்பில் நெடுநேரம் அமர்ந்து எண்ணியது இதைத்தான். ஏழடிப்பட்டத்திற்கு வரும் வழியே இப்படியென்றால், உளியும் சுத்தியலும் தாங்கி அதே ஏழு அடிகளைத் தாண்டி வந்து, கருங்கல்லைச் செதுக்கி, மழமழவென்று தேய்த்துத் தலையணையும் வைத்துக் கொடுத்தவர் யார்? துறவி அல்லர், இல்லறத்தார். சிறுபாவில் ஊரார். அவர்கட்கு வீடும் வயலும் மனைவி மக்களும் இருந்திருப்பார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு மனிதர் தனியே இருக்க விரும்பினார் என்பதற்காக இவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு மலையேறினார்கள். அவருக்கு நாளும் நீரும் உணவும் எவரேனும் கொணர்ந்திருக்கவும் வேண்டும். சமணத் துறவி தாமே சமைப்பதில்லை, இல்லறத்தார் இடுவதை ஏற்று உண்பதே அவர் ஒழுக்கம்.

ரொட்டி சுமந்தவர்கள்

நமது திருச்சபையின் வரலாறும் வேறுவிதமாய் இல்லை. வனவாசிகளின் தந்தையெனப் போற்றப்படும் எகிப்து நாட்டுப் புனித அந்தோணியார் நைல் நதிக்கு அப்பால் பாழடைந்த ஒரு கோட்டைக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் எவர் முகத்தையும் பாராமல் தனித்திருந்தார். பதுவைப் பதியர் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையால் நம் மக்கள் மயங்குவதுண்டு. அவரது வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் ஒரு சிறு செய்தியை மறவாமல் சொல்கிறார்: ஆண்டிற்கு இருமுறை அவருக்கு ரொட்டி வந்தது; மேலிருந்து உள்ளே இறக்கினார்கள். அந்த ரொட்டியைச் சுட்டவர் எவர்? பாலைவனத்தில் அதைச் சுமந்து சென்றவர் எவர்? ஆண்டுக்கு இருமுறை அவ்வளவு தொலைவு சென்றும் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பிய அந்த நண்பர்கள் பெயரற்றுப் போனார்கள். அந்தோணியாரின் 20 ஆண்டுத் தவத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டென்றே நாம் கருதுகிறோம்.

எலியா இறைவாக்கினரைப் பாருங்கள். அரசியின் சினத்திற்கு அஞ்சி ஊழியனையும் விட்டுவிட்டுப் பாலைநிலத்தில் ஒரு நாள் வழி தனியே நடந்து, ஒரு செடியின்கீழ் விழுந்து, சாக வேண்டுமென்று மன்றாடினார். ஆண்டவர் அவருக்கு மறையுரை ஆற்றவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் அனுப்பினார். உண்டு உறங்கியவரை மறுபடி எழுப்பி மறுபடியும் உண்ணச் செய்தார். பேச்செல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குகையை அடைந்த பிறகுதான். அங்கே, நான் ஒருவன் மட்டுமே எஞ்சினேன் என்று அவர் முறையிட்டபோது, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி கிடைத்தது; எலிசாவைத் தேடிச் செல் என்ற கட்டளையும் கிடைத்தது. நாமோ அந்த இளைஞருக்கு அப்பத்தை மறந்து இருபது நிமிடம் உபதேசத்தைத் தந்தோம்! பாறையின்மேல் அமர்ந்து இவ்வதிகாரத்தை நினைத்தபோது நமக்கு நாணமாய் இருந்தது.

பனித்தீவின் வழியே

அந்த நோட்டுப் புத்தகத்தில் ஒட்டியிருந்த படங்களுள் ஒன்று ஜப்பானியரான நவோமி உவெமுரா என்பவருடையது. 1970-இல் எவரெஸ்டு சிகரத்தில் ஏறிய முதல் ஜப்பானியருள் ஒருவர். 1978 மார்ச்சில் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவின் முனையிலிருந்து 17 நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியுடன் உறைந்த கடலின்மேல் தன்னந்தனியாய்ப் புறப்பட்டார். நான்காம் நாள் இரவு ஒரு பனிக்கரடி கூடாரத்தைக் கிழித்து உணவைத் தின்று, உறக்கப் பைக்குள் அசையாமல் கிடந்த அவரை மூக்கால் உரசிப் பார்த்துச் சென்றது. ஓரிடத்தில் பனிப்பாளம் உடைந்து அவரும் நாய்களும் மிதக்கும் தீவொன்றில் அகப்பட்டார்கள். இடைவழியில் நாயொன்று குட்டிகளை ஈன்றது. ஏறத்தாழ எட்டு வாரம் கழித்து, ஏப்ரல் இறுதியில் வடதுருவத்தை அடைந்தார். தனியே அங்குச் சென்ற முதல் மனிதர் என்று உலகம் புகழ்ந்தது.

புகழ் உண்மையே. ஆயினும் அவர் கையில் வானொலிக் கருவி இருந்தது. வானூர்தி வந்து உணவையும் நாய்த் தீனியையும் இறக்கிச் சென்றது. ஆண்டுக்கிருமுறை ரொட்டி இறக்கிய எகிப்தியரின் தொழிலை இங்கே ஒரு விமானி செய்தார். அதே உவெமுரா 1984 பிப்ரவரி 12-ஆம் நாள், தமது 43-ஆம் பிறந்த நாளன்று, அலாஸ்காவின் மெக்கின்லி மலைச் சிகரத்தைக் குளிர்காலத்தில் தனியே எட்டினார். மறுநாள் வானொலியில் அவர் குரல் கேட்டது, அதன்பின் கேட்கவில்லை. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த இரண்டாம் பாதி அந்த நோட்டில் இல்லை. நாம் பிற்பாடு சொல்லித்தான் இளைஞர் அறிந்தார்.

அதே பனிநாட்டில் நமது குரு ஒருவரும் மறைந்தார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்க்கு அமலமரித் தியாகிகள் சபையைத் தெரியும். புனித யூஜின் தெ மாசனோ 1816-இல் பிரான்சு நாட்டில் நிறுவிய அச்சபை 1841-இல் கனடாவுக்கும் 1847-இல் இலங்கைக்கும் குருக்களை அனுப்பியது. ஒரே சபையின் ஒரு கிளை பனையின் நிழலிலும் மற்றொரு கிளை பனியின் நடுவிலும் ஊன்றியது. கனடா சென்றோருள் பிரெஞ்சுக்காரரான அருட்தந்தை ஜோசப் பூலியார், கேரி ஏரியிலுள்ள ஒரு சிறு தீவில் மரக்குடில் கட்டி, கலைமான் வேட்டையாடி அலையும் எஸ்கிமோ மக்களுக்கென்று தனியே வாழ்ந்தார். இன்று அம்மக்கள் தங்களை இனுயிட் என்றே அழைக்க விரும்புகின்றனர். பார்வை குன்றிய மனிதர். 1956 அக்டோபரில் ஒரு நாள், ஏரியில் விரித்திருந்த வலைகளைப் பார்த்துவர நாய்வண்டியில் புறப்பட்டார். திரும்பவில்லை.

மறை பரப்புவதற்காக அன்று, அன்றாட உணவுக்கான மீனுக்காகப் புறப்பட்டவர் அவர். அவருடைய பயணத்தில் அளக்கத்தக்க சாதனை ஏதுமில்லை. ஆயினும் உவெமுராவின் படத்திற்குப் பக்கத்தில் இவரையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தோம். ஒருவர் தனியே செல்வதற்காகவே சென்றார். மற்றவர் மக்களிடம் செல்வதற்காகத் தனியே இருக்க நேர்ந்தது.

நம் மண்ணிலும் அத்தகையோர் உண்டு. லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த அருளானந்தர், 1674-இல் மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்து, பண்டாரசாமிகளின் காவியுடையில் மறவர் சீமையெங்கும் கால்நடையாய்ச் சுற்றினார். 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டார். அவரைத் தனி வீரராகவே நாடக மேடைகளில் காட்டுகிறோம். ஆனால் 1686-இல் அவர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானபோது அவரோடு உபதேசியார்களும் வதைபட்டார்கள். வழி காட்டியவர்களும், சோறிட்டவர்களும், இரவில் ஒளித்து வைத்தவர்களும் அவர்களே. சித்தன்னவாசலிலிருந்து வெகு தொலைவில் இல்லாத ஆவூரில், அவர் மறைந்து நான்கே ஆண்டுகளில், 1697-இல், சேசுசபைக் குரு புஷே கோயில் கட்டினார். இன்றுள்ள பெரியநாயகி அன்னையின் கோயில் 1747-ஐச் சேர்ந்தது. அந்த மண்ணைக் குருக்களின் கால்கள் மட்டும் மிதிக்கவில்லை.

நாம் ஏற்க இயலாத ஒன்று

ஏழடிப்பட்டத்தைப் பற்றி எழுதும் கத்தோலிக்கக் குரு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சமண நெறியில் சல்லேகனை என்றொரு நோன்பு உண்டு. முதுமையிலோ தீரா நோயிலோ, ஆசான் இசைவோடு உணவைச் சிறிது சிறிதாய்க் குறைத்து, உயிர் பிரியும்வரை நோற்பது. இக்கற்படுக்கைகளிலும் அவ்வாறு உயிர் நீத்தோர் உண்டு என்பர். 2015 ஆகஸ்டில் இராசஸ்தான் உயர்நீதிமன்றம் அதைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது; அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சமணர்கள் அது தற்கொலையன்று, பற்றறுத்தலின் நிறைவு என்பர். அவர்கள் அதை வெறுப்பினாலோ துயரத்தினாலோ செய்வதில்லை என்பதை நாம் நேர்மையோடு ஏற்க வேண்டும். 1965 அக்டோபர் 28-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்க அறிக்கை, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானது எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று நமக்குக் கற்பித்திருக்கிறது. அந்தக் கல்லின்முன் தலை வணங்க நாம் தயங்கவில்லை.

ஆனால் உயிர் நமதன்று. தந்தவர் அழைக்கும்வரை அதைக் காத்துக்கொள்வதே நமது நெறி. இதில் நமக்கு ஐயமில்லை. அன்று காலையில் அந்தத் தாய் சொல்லாமல் விட்ட சொல்லை நினைத்துக்கொண்டே அமர்ந்திருந்த நமக்குச் சற்றும் ஐயமில்லை. துயரத்தின் மிகுதியால் மலையேறுபவருக்கும் பற்றறுத்து ஏறியவருக்கும் இடையே மலையளவு வேறுபாடு இருக்கிறது. எட்ட நின்று பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். அருகே சென்று கேட்டாலன்றித் தெரியாது.

கேட்டோம். அடுத்த நாள் மாலை அவ்விளைஞரை அழைத்து, முதலில் தேநீர் கொடுத்து, நேரடியாகவே கேட்டோம்: "சாகணும்னு நினைப்பு வருதா தம்பி?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுவர். மருத்துவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. கேட்பது பாரத்தை இறக்கி வைக்கவே உதவும் என்கிறார்கள். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "வேலை போன மாசம் வந்துச்சு சாமி. இப்ப மலைக்குப் போறதாலதான் வர்றதில்ல" என்றார்.

தாய் எதைக் கண்டு அஞ்சினாரோ அதுவே மகனைத் தாங்கி வந்தது! நாமும் சேர்ந்து அதைத் தடுத்திருப்போம். ஆயினும் மலை ஒன்றே போதும் என்று விடாமல், புதுக்கோட்டையில் மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். இதைச் சொல்ல அவரும் வெட்கப்படவில்லை, நாமும் வெட்கப்படவில்லை. சளி பிடித்தால் மருத்துவரிடம் போகிறோம். மனம் கனத்தால் மட்டும் நவநாள் போதும் என்பது பக்தியன்று.

தாயிடம் நாம் சொன்னது வேறு. போகாதே என்று இனிச் சொல்ல வேண்டாம். போகும்போது சோறு கட்டிக் கொடுங்கள் என்றோம். மகனிடம் மூன்று காரியங்களைக் கேட்டோம். போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போவது. திரும்பும் நேரத்தைச் சொல்வது. கைப்பேசியை எடுத்துச் செல்வது. அதை அணைத்து வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. வெயில் காலத்தில் பத்து மணிக்குமேல் அப்பாறையில் இருக்கலாகாது, தண்ணீர் இரண்டு புட்டியேனும் வேண்டும் என்பதை, ஒரு புட்டியோடு போய் நாவறண்டு திரும்பிய அனுபவத்தால் சேர்த்துச் சொன்னோம். "உவெமுராவுக்கு வானொலி, உனக்குக் கைப்பேசி" என்றதும் முதன்முறையாகச் சிரித்தார்.

தாய்க்கு இது எளிதாய் இருக்கவில்லை. தம்மை விட்டு விலகிப் போகிறவனுக்குத் தாமே சோறு கட்டுவது எவ்வளவு கடினம் என்பதைத் துறவறத்தில் உள்ள நாம் சொல்லி விளக்க இயலாது. முதல் நாள் பொட்டலத்தைக் கட்டி முடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாராம். புளிச்சோறும் வறுத்த கருவாடும். "தவக்காலம்ல கருவாடு வைக்கலாமா சாமி?" என்று நம்மிடம் கேட்டு அனுப்பினார். திருநீற்றுப் புதனும் வெள்ளிக்கிழமையும் தவிர மற்ற நாளில் இறைச்சியே விலக்கன்று. கருவாட்டுக்கு எந்நாளும் தடையில்லை என்று சொல்லியனுப்பினோம்.

பாஸ்கா விழா முடிந்து மூன்றாம் வாரம் வீடு மந்திரிக்கும் பொருட்டு அத்தெருவிற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுத் திண்ணையில் தூக்குச்சட்டி ஒன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "எங்கே மகன்?" என்றோம்.

"இன்னிக்கு மலை இல்ல சாமி. இலுப்பூர்ல ஒரு பட்டறையில ஆள் கேட்டிருக்காங்கன்னு போயிருக்கான். நடந்தே போறேன்னுட்டான். ஒரு மணிக்குள்ள வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போனான்" என்றார் தாய். சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று இருபது.

நாமும் திண்ணையில் அமர்ந்தோம். அவர் மோர் கொண்டுவந்து வைத்தார். அடுத்த வீடுகளை மந்திரிக்க வேண்டும் என்று உபதேசியார் இருமுறை நினைவூட்டினார். ஒன்றே முக்காலுக்குத் தெருமுனையில் ஓர் உருவம் தெரிந்தது. செருப்பு அறுந்து போயிருக்க வேண்டும், இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வெயிலில் நடந்து வந்தார். தாய் அதற்குள் உள்ளே சென்று இலை போட்டிருந்தார்.